மூன்றாவது ஆள் யார்

பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியபடி என் அக்கா என்னைக் கடந்து போனாள். அந்த நொடியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள நிறுத்தத்துக்குக் காலை ஏழு மணிக்கு இருவரும் ஒன்றாகத்தான் வருவோம். அக்காவுக்குப் பாயான் பாருவில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை என்பதால் பஸ்ஸிலாவது உட்கார்ந்து போக வேண்டும் என்பாள். தெற்கே போகிற பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போதே நிறைந்திருக்கும். அதனால் அவள் சாலையைக் கடந்து, வடக்கே படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுவாள். அங்கே எல்லோரும் இறங்க, ஜன்னலோரம் இடம் பிடித்து, அதே பஸ்ஸில் திரும்பி, கிளம்பிய நிறுத்தத்தையே மறுபடி கடந்து தெற்கே போவாள். நம் ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். எனக்குப் பொறுமை கிடையாது. வருகிற முதல் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்விடுவேன்.

அன்று நல்ல மழை. பல்கலைக்கழக வாசலில் இறங்கி நிறுத்தத்திலேயே ஒதுங்கி நின்றேன். வெகுநேரம் கழித்து அக்காவின் பஸ் வந்தது. அவள் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போனாள்.

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிளம்பிய இரண்டு பேர். ஒருத்தி நேராக வந்தாள். மற்றவள் எதிர்த்திசையில் போய், நின்று, திரும்பி, கிளம்பிய இடத்தைத் தாண்டி வந்தாள். வாசலில் நிற்கிற ஒருவர் இருவருக்கும் நடுவே உள்ள நேர இடைவெளியை மட்டும் அளந்தால் போதும். பின்னால் போனவள் எவ்வளவு தூரம் போனாள் என்று சொல்லிவிடலாம்.

லேசர் உடைக்கிற மூலக்கூறின் துண்டுகளும் இதைத்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றியது. மழையிலேயே ஆய்வகத்துக்கு ஓடினேன்.

இதை உங்கள் மூவருக்காக எழுதுகிறேன். அடுத்த வாரம் இந்த ஆய்வகத்தில் சேரப்போகிறீர்கள். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் ஓய்வு பெற்றிருக்க வேண்டும், கண்ணாடி போட்டிருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு வயது இருபத்தாறு, இங்கே வந்து நான்கு வருடம். முப்பது வருடம் காத்திருந்து எழுதினால் என் தவறுகளுக்கு நானே பவுடர் பூசிவிடுவேன் என்று எனக்குச் சந்தேகம். அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இயந்திரத்தை நீங்களே வந்து பார்ப்பீர்கள். கதைக்கு வேண்டியது கொஞ்சம்தான். நாங்கள் உடைப்பது மெத்தில் அயோடைடு என்கிற சின்ன மூலக்கூறு. ஒரு பக்கம் கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த லேசான துண்டு. மறுபக்கம் கனமான அயோடின். வெற்றிடக் கூண்டுக்குள் அந்த ஆவியைக் கசியவிட்டு, கண் இமைப்பதில் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத பச்சை லேசர் துடிப்பை ஒரு புள்ளியில் குவிப்போம். அந்தப் புள்ளியில் ஒளி அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக ஒளித்துகள்களை விழுங்கிவிட்டு உடையும். துண்டுகள் ஒன்றையொன்று உதைத்துத் தள்ளிக்கொண்டு எதிரெதிரே பாயும். அதே துடிப்பு அவற்றுக்கு மின்னூட்டமும் கொடுத்துவிடும். மின்னழுத்தத் தகடுகள் அவற்றை ஒரு நீளக் குழாய் வழியே உணரிக்குத் தள்ளும். ஸ்கோப் என்று நாங்கள் சொல்கிற அலைகாட்டியின் திரையில் லேசான துண்டு முதல் மேடாகவும், அயோடின் பிறகு வருகிற மேடாகவும் தெரியும்.

பஸ் கதை இங்கேதான் வருகிறது. உணரியை நோக்கி உதைக்கப்பட்ட அயோடின் நேராக வந்து சேரும். எதிர்ப்பக்கம் உதைக்கப்பட்டது முதலில் பின்னால் போய், நின்று, திரும்பித்தான் வர வேண்டும். ஆகவே ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை மேடு தெரிய வேண்டும். உதை இரண்டு துண்டுக்கும் சமம் என்பதால் லேசான துண்டின் இரட்டைக்கும் அயோடினின் இரட்டைக்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டேன். எழுபது நானோ நொடிக்குப் பக்கத்தில் வந்தது. உண்மையைச் சொன்னால், தகடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நான் சரியாக அளந்திருக்கவில்லை. ஐம்பதும் வந்திருக்கலாம், தொண்ணூறும் வந்திருக்கலாம். எனக்குப் பிடித்த எண்ணை வைத்துக்கொண்டேன்.

இனி மாரிமுத்து அண்ணனைப் பற்றி. அவர் எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பர். சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்து வருடம் பழுது பார்த்தவர். சனி ஞாயிறுகளில் அடுக்குமாடிகளில் டிவி ஏரியல் கட்டித் தருவார். இங்கே அவர் ஒப்பந்த ஊழியர். மூன்று வருட ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. எங்கள் மேற்பார்வையாளர், எல்லோரும் வெறுமனே 'டாக்டர்' என்று அழைக்கிறவர், ஒரு அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் அண்ணன் நிரந்தரம். இல்லையென்றால் வீடு. அவருடைய இரண்டாவது மகள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள்.

நான் பஸ் கதையைச் சொன்னபோது அவர் சாலிடர் கம்பியை வாயில் கவ்வியபடி கேட்டார். "அப்ப ஒங்க அக்காதான் அயோடினா?" என்றார்.

"ஆமாண்ணே. நான் முன்னாடி வர்ற அயோடின்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ஒடஞ்ச துண்டு. சரியாத்தான் இருக்கு."

அந்த வாரம் முழுக்க மழை. எங்கள் கூரை, டாக்டர் சொல்வதுபோல், பல்கலைக்கழகத்தின் மிகப் பழைய கண்டுபிடிப்பு. செவ்வாய்க்கிழமை மதியம் அலைகாட்டிக்கு நேர் மேலே ஒழுக ஆரம்பித்தது. நான் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணன் அலைகாட்டியை அணைத்தபடி தூக்கிக்கொண்டுபோய் எதிர்ச் சுவரோரம் வைத்தார். உணரியிலிருந்து அங்கே எட்டுவதற்கு ஸ்டோரிலிருந்து ஏழு மீட்டர் கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து இழுத்தார். இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்த்தேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை லேசரை முழு வலுவில் வைத்தேன். முழு மூலக்கூறு ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் துண்டு. திரையில் லேசான துண்டு இரட்டையாக நின்றது. அயோடினும் இரட்டையாக நின்றது. இரண்டுக்கும் ஒரே இடைவெளி. எழுபது நானோ நொடி.

நான் கத்தவில்லை. அலைகாட்டியின் அச்சுத்தாளைக் கிழித்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மூன்று தலைமுறை இங்கே இருந்தும் வீட்டுப் பேச்சை விடாதவர். எதையும் எளிதில் பாராட்டாதவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு, பிள்ளை," என்றார். அன்று மாலையே சிங்கப்பூரில் நடக்கப்போகும் மாநாட்டுக்கு என் பெயரையும் தன் பெயரையும் போட்டு ஆய்வுச் சுருக்கத்தை ஃபேக்ஸ் செய்தார்.

இரட்டை மேட்டுக்குப் பின்னால், அதே அளவு தள்ளி, குட்டியாக ஒரு மூன்றாவது மேடும் இருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலால் 'பொருட்படுத்த வேண்டாம்' என்று நான் எழுதியிருந்தேன். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினேன்.

திங்கட்கிழமை வந்து இயந்திரத்தை ஓட்டினால் இரட்டைகள் இல்லை.

ஒற்றை மேடு. மழுங்கலாக, அகலமாக ஒன்றே ஒன்று. லேசர் சரி, வெற்றிடம் சரி, ஆவிப் புட்டியும் புதியது. சுற்றிலும் பார்த்தேன். எதிர்ச் சுவரோரம் காலியாக இருந்தது. கூரையைச் சனிக்கிழமை சரிசெய்துவிட்டார்கள் என்று அலைகாட்டியை அண்ணன் பழைய இடத்துக்கே கொண்டுவந்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்த வழியில்தான் லேசரைக் குவிக்கிற லென்ஸ் நிற்கிறது. எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணே, சனிக்கிழமை லென்ஸ்ல கை பட்டுச்சா?"

"இல்லையே."

"கொஞ்சமாச்சும் இடிச்சிருக்கும். நல்லா யோசிச்சுப் பாருங்க."

"நான் ஸ்கோப்பை மட்டும்தான் தங்கச்சி தூக்குனேன். அந்தப் பக்கம் கையே வைக்கல, கச்சாவ் பண்ணவே இல்லை."

"பின்ன எப்படிண்ணே புதன்கிழமை இருந்தது இன்னைக்கு இல்லாம போவும்?"

"அது நீ படிச்ச படிப்புலா. என்னைக் கேட்டா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பே சாட்சியாகப் பட்டது. தவறு செய்தவன்தான் சிரிப்பான் என்று ஒரு விதியை அந்த நிமிடமே உண்டாக்கிக்கொண்டேன். ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து எழுதினேன்: 'சனிக்கிழமை தொழில்நுட்பர் லேசர்ப் பாதையைக் கலைத்திருக்கிறார். குவியம் விலகியதால் இரட்டை மேடுகள் மறைந்தன.'

'கலைத்திருக்கலாம்' என்றுகூட நான் எழுதவில்லை.

எங்கள் குறிப்பேட்டின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அதில் ஆய்வாளர்கள் மட்டும்தான் எழுதலாம். தொழில்நுட்பர் எழுதக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் யாரும் எழுதியதில்லை. அவர் எதைக் கழற்றினார், எதை மாட்டினார் என்பது நாங்கள் கவனித்து எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை. அவர் லென்ஸைத் தொடவில்லை என்று அந்தப் பக்கத்தில் எழுத அவருக்கு இடமில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வழக்கம்போல் குறிப்பேட்டைப் பார்த்தார். என் வரியில் விரலை வைத்தார்.

"இது நிச்சயமோ?"

"வேற காரணமே இல்ல டாக்டர்."

"வெள்ளிக்கிழமை இந்த ஆளின்ட அறிக்கை போக வேணும். இதையும் எழுதத்தான் வேண்டி வரும்." குறிப்பேட்டை மூடிவிட்டு, "கெட்டிக்காரன்தான். ஆனா சொல்லாமக் கொள்ளாமத் தொடுறவனை லேசர் அறையில வைச்சிருக்கேலாது," என்றார்.

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் அழிக்க முடியவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. லென்ஸ், கண்ணாடி என்று எல்லாத் தாங்கிகளின் திருகாணியிலும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். யாராவது திருகினால் கோடு விலகிவிடும். அண்ணன் தொடுகிறாரா என்று பிடிப்பதற்கான பொறி. குவியத்தை மறுபடி சரிசெய்தேன், பயனில்லை. லென்ஸை முன்னும் பின்னும் ஒவ்வொரு மயிரிழையாக நகர்த்தினேன். எந்த இடத்திலும் இரட்டை வரவில்லை. கிளம்பும்போது எல்லாவற்றையும் கோட்டுக்கே திருப்பி வைத்தேன். புதன்கிழமை காலை கோடுகள் ஒன்றுகூட விலகவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'நான் வருவதற்கு முன்பே அழித்து மறுபடி போட்டிருப்பாரோ' என்றுதான் தோன்றியது. சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு, பிள்ளைகளே. ஆதாரம் இல்லாவிட்டால் அது மெலியாது. ஆதாரத்தை மறைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கொழுக்கும்.

அன்று மத்தியானம் அண்ணன் இரண்டு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் தாப்பாவ் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு லென்ஸ் பக்கம் குனிந்தார்.

"இது என்னா கோடு?"

நான் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அவர் அடுத்த தாங்கியைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், பதினொரு திருகாணிகளையும் வரிசையாகப் பார்த்து முடித்தார்.

"எனக்காகப் போட்டதா தங்கச்சி?"

"யாருக்குன்னு இல்லண்ணே. பொதுவா."

"இந்த ரூமுல நீயும் நானும்தான். பொதுன்னா யாரு?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் போய்ச் சுவரோரம் நின்று, நான் ஒட்டியிருந்த அச்சுத்தாளைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கிருந்து போக வேறு இடம் இல்லாததால் பார்த்தார் என்று நினைக்கிறேன். வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்குப் பஸ்ஸு கதை சொன்னியே," என்றார் முதுகைக் காட்டியபடியே. "நேரா வந்தது நீ. ஜெட்டிக்குப் போயிட்டு வந்தது ஒங்க அக்கா. சரி. இந்த மூணாவது ஆளு யாரு?"

"அது ஒண்ணுமில்லண்ணே. சும்மா நாய்ஸ்."

"சும்மாவா." அவர் விரல்களைத் தாளில் வைத்து அளந்தார். "மொத ஆளு நாலு வெரலு ஒசரம். ரெண்டாவது ரெண்டு வெரலு. மூணாவது ஒரு வெரலு. ஒவ்வொருத்தனும் ஒரே அளவு தள்ளி நிக்கிறான். சும்மா வர்றவன் இப்படியா கணக்கா பாதி பாதியா வருவான்?"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அதே தாள். நான் நூறு தடவை பார்த்த தாள்.

"இது ஆளு இல்ல தங்கச்சி. பேயி," என்றார். "டிவியில செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு மூக்குக்குப் பக்கத்துல இன்னொரு மூக்கு தெரியும் பாத்திருக்கியா? ஒரே ஏரியல்லருந்து நாலு வீட்டுக்குக் கேபிள் இழுத்திருப்பேன். ஒரு வீட்டுக்காரன் டிவியைத் தூக்கிக்கிட்டு வீடு மாறிப் போயிருவான். கேபிளு முனை சும்மா தொங்கும். போன சிக்னலுக்கு எறங்க எடமில்ல, முட்டித் திரும்பி வரும். மத்த மூணு வீட்டுலயும் அந்த அம்மாவுக்கு ரெண்டு மூக்கு. முனையில ஒரு மூடி போட்டாத்தான் பேயி போவும்."

அவர் பேச்சு அங்கே நின்றது. முகம் மாறியது. என் முகமும் மாறியிருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த மழைநாள் ஞாபகம் வந்தது. அலைகாட்டியின் பின்னால், கேபிள் முடிகிற இடத்தில், ஐம்பது ஓம் மூடி ஒன்று மாட்டியிருக்க வேண்டும். சமிக்ஞையை விழுங்குவது அதன் வேலை. அவசரத்தில் நீளக் கேபிளை மாட்டியபோது அந்த மூடி பழைய கேபிளோடு போய்விட்டது. சனிக்கிழமை பழைய கேபிளை மாட்டியபோது மூடியும் அதனோடே திரும்பி வந்துவிட்டது.

ஏழு மீட்டர். மின்துடிப்பு கேபிளில் ஒரு மீட்டர் போய்த் திரும்பிவர ஏறக்குறைய பத்து நானோ நொடி. ஏழு மீட்டருக்கு எழுபது.

அவர் ஸ்டோரிலிருந்து அதே கேபிளைக் கொண்டுவந்தார். மூடி இல்லாமல் மாட்டினார். இரட்டைகள் வந்து நின்றன. நான் தகடுகளின் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினேன். துண்டு உண்மையிலேயே பின்னால் போய்த் திரும்புவதாக இருந்தால், வலுவாகத் தள்ளும்போது சீக்கிரம் திரும்ப வேண்டும். இடைவெளி பாதியாக வேண்டும். மேடுகள் முன்னால் நகர்ந்தன. இடைவெளி எழுபதிலேயே நின்றது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. செய்தால் பொய்யாகிவிடுமோ என்று உள்ளுக்குள் எங்கோ பயந்துதான் செய்யாமல் விட்டேனோ என்று இப்போது என்னையே சந்தேகிக்கிறேன்.

அண்ணன் இன்னொரு கேபிளைச் சேர்த்துப் பதினான்கு மீட்டராக்கினார். இடைவெளி நூற்று நாற்பது. மூடியைப் போட்டார். இரட்டைகள் போயின. மூன்றாவது ஆளும் போனார்.

மீ ஆறிப்போயிருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

"அண்ணே, உங்களைப் பத்தி நோட்டுல எழுதிட்டேன். டாக்டரும் பார்த்துட்டாரு. உங்க அறிக்கையிலயும் எழுதப்போறதா சொன்னாரு."

அவர் மென்று விழுங்கினார். "தெரியும். நேத்தே நீ என் மூஞ்சியைப் பாக்கல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணு கேக்குறேன். லென்ஸை நான் தொடலைன்னு மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடு. மூடி கதையைச் சொல்லாத. லென்ஸைத் தொடலைன்னாலும் மூடியை விட்டது நான்தானே? ஒண்ணுலருந்து தப்பிச்சு இன்னொண்ணுல மாட்டுவேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட எனக்கு வசதியும் இருந்தது. மூடி கதையைச் சொல்லாவிட்டால் என் இரட்டை மேடுகள் சுவரிலேயே இருக்கும். சிங்கப்பூர் இருக்கும். 'குவியம் தானாக விலகியிருக்கலாம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். அவரும் தப்பிப்பார், நானும் மேடை ஏறுவேன். நல்லது செய்வதுபோலவே இருக்கும். ஒரு யோசனை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நல்லதாகத் தெரிந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று அன்று கற்றேன். ஆனால் கற்ற உடனே நடந்துகொள்ளவில்லை. பஸ்ஸில் வீடு போகும் வரை அந்த வரியை மனதுக்குள் அழகாக எழுதிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

வியாழக்கிழமை காலை நிறுத்தத்தில் அக்காவோடு நின்றேன். அவள் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் கடந்தாள். அங்கிருந்தே, "என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?" என்று கத்தினாள். நிறுத்தமே திரும்பிப் பார்த்தது.

ஆய்வகத்தில் முதல் வேலையாகக் குறிப்பேட்டைத் திறந்தேன். பழைய வரியைக் கிழிக்கவில்லை. படிக்கும்படியாக ஒரே கோட்டால் அடித்து, கீழே எழுதினேன்: 'மேலே உள்ளது தவறு. அலைகாட்டி இடம் மாறியபோது கேபிள் மாறியது. நான் அருகிலேயே வாளியோடு நின்றேன். எழுதவில்லை, கேட்கவில்லை. இரட்டை மேடுகள் கேபிளின் எதிரொலி.' பிறகு புத்தகத்தோடு டாக்டரிடம் போனேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"கேபிளை மாத்தினது ஆர்?"

"மாரிமுத்து அண்ணன்."

"மூடியை விட்டது?"

"அவர்தான். மழையில ஸ்கோப்பைக் காப்பாத்தத் தூக்கிட்டு ஓடுனப்ப. நானும் பார்க்கல."

"அப்ப உம்மட முதல் குறிப்பு ஏறக்குறையச் சரிதானே. ஆள் அவன்தான்."

"ஆள் அவர்தான் டாக்டர். ஆனா நான் எழுதுன குற்றம் அவர் செய்யல. அவர் செஞ்சது என் கண்ணு முன்னால நடந்துச்சு. அதை எழுத வேண்டியது என் வேலை, ஏன்னா அந்தப் புத்தகத்துல அவர் எழுதக்கூடாது."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீர் அவனைக் காப்பாத்தப் பாக்கிறீரோ? அவன் வந்து அழுதவனோ?"

"சொல்லாதேன்னுதான் சொன்னாரு."

டாக்டர் எழுந்தார். நேராக ஆய்வகத்துக்கு வந்தார். மாரிமுத்து அண்ணன் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். "நீர் கொஞ்சம் வெளியில நில்லும்," என்றார் டாக்டர் அவரிடம். கதவைச் சாத்தினார். என்னையும் நம்பவில்லை, என் கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கித் தானே மாட்டினார். ஏழு மீட்டர், மூடி இல்லாமல். இரட்டை. மின்னழுத்தத்தைத் தானே ஏற்றினார், இறக்கினார். இடைவெளி அசையவில்லை. இரண்டு கேபிளையும் தானே இணைத்தார். நூற்று நாற்பது. லேசர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் திரையைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்தார்.

"மூலக்கூறுக்குக் கேபிளின்ட நீளம் தெரியாது," என்றார்.

அவர் சுவரிலிருந்த தாளை மெதுவாக உரித்தார். 'பொருட்படுத்த வேண்டாம்' என்ற என் கையெழுத்தைப் பார்த்தார்.

"இந்த மூண்டாவதை ஆர் கண்டது? நீரோ?"

"இல்ல டாக்டர். வெளியில நிக்கிறவர்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவைத் தானே போய்த் திறந்தார். அண்ணன் தாழ்வாரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புதிதாகப் பூசிய கூரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"உள்ள வாரும்," என்றார் டாக்டர். அவ்வளவுதான். அன்று மாலை சிங்கப்பூருக்கு இன்னொரு ஃபேக்ஸ் போனது, சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு. அறிக்கையில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

சில வாரங்கள் கழித்து அண்ணன் ஒரு நீளமான அலுவலக உறையோடு வந்தார். நிரந்தரம். நான் வாழ்த்துச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். பிறகு குறிப்பேட்டை எடுத்து என் முன்னால் விரித்து, வலது பக்க ஓரத்தில் அளவுகோல் வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"இந்தப் பக்கம் எனக்கு. நான் தொட்டதை நானே எழுதுறேன். நீ எனக்காக எழுதாத."

"சரிண்ணே."

"நல்லதுன்னாலும் எழுதாத."

நீங்கள் வந்ததும் அந்தக் கோட்டைப் பார்ப்பீர்கள். அந்தப் பத்தியில் கை வைக்காதீர்கள். பதினொரு திருகாணிகளிலும் பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. நான் அழிக்கப் போனபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் கண்டுபிடித்தோம். எங்கள் லேசர் ஒளி மேலும் கீழுமாக அதிர்கிறது. மூலக்கூறு பெரும்பாலும் ஒளி அதிர்கிற திசையிலேயே உடைந்து பாயும். குழாயோ படுக்கையாக இருக்கிறது. அதாவது எங்கள் துண்டுகள் எல்லாம் கூரைக்கும் தரைக்குமாகப் பாய்ந்துகொண்டிருந்தன. தெற்கே போகிறவர்களும் இல்லை, வடக்கே போய்த் திரும்புகிறவர்களும் இல்லை. அந்த ஏற்பாட்டில் உண்மையான இரட்டையை நான் பார்த்திருக்கவே முடியாது.

ஒளி அதிர்கிற திசையைத் திருப்புகிற கண்ணாடித் தகடு ஒன்று போன வாரம் வந்து சேர்ந்தது. நாற்பத்தைந்து பாகை திருப்பினால் அதிர்வு தொண்ணூறு பாகை திரும்பும், குழாயின் திசைக்கு வந்துவிடும். பஸ் கதை உண்மையென்றால் அங்கே இரட்டை வர வேண்டும். திருப்பாவிட்டால் ஒற்றை. ஒரே கேபிள், மூடியோடு.

நான் தகட்டைத் திருப்பப்போவதில்லை. எந்த நிலையில் எது வர வேண்டும் என்று எனக்குத் தெரியும்; தெரிந்தால் என் கண் அதையே பார்த்துவிடும். அதனால் திங்கட்கிழமை காலை தகட்டருகே அண்ணன் நிற்பார். நடுவே ஒரு கறுப்புத் துணி தொங்கும். இருபது முறை அவர் இஷ்டத்துக்குத் திருப்புவார், அல்லது திருப்பாமல் விடுவார். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நான் திரையை மட்டும் பார்த்து 'இரட்டை', 'ஒற்றை' என்று குறிப்பேட்டின் என் பக்கத்தில் எழுதுவேன். இருபதும் முடிந்த பிறகுதான் அவர் பையில் கை விடுவார்.

"இருபதுல ரெண்டு மூணு தடவை சும்மா ஏமாத்துவேன்," என்று நேற்றே சொல்லிவிட்டார். "திருப்புற மாதிரி சத்தம் மட்டும் வரும்."

அதைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறேன்.